காலிப்பெட்டி

ஒரு மணி நேரத்துக்கு முன் பதிவேற்றப்பட்டது என்கிறது.
மார்ச்சிலும் அப்படித்தான் சொன்னது,
ஜூனிலும்.
கம்பெனிப் பெயரில் அதே எழுத்துப்பிழை,
அதே மூவாயிரத்து அறுநூறு வெள்ளி,
ஹெட்செட் மாட்டிச் சிரிக்கும் அதே பெண்.
அவளுக்காவது சம்பளம் கொடுத்திருப்பார்களா?

படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம்.
எனக்கு ஏது?
வனஜா, த/பெ ரெங்கசாமி.
அந்தக் கட்டத்தில் அப்பாவை இட்டு நிரப்பினேன்.
அன்றிலிருந்து மறுப்பெல்லாம் அவருக்குத்தான் வருகிறது:
அன்புள்ள ரெங்கசாமி,
வருந்துகிறோம், உங்கள் அனுபவம்
எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை.
தஞ்சோங் பகார் துறைமுகத்தில்
முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கியவர்,
செத்துப் பதினொரு வருஷம்.
இனி அவருக்கும் வேலை இல்லை.

மறுப்பு வந்தால் தேவலை.
வராதவை இருநூற்றுப் பதினான்கு.
கிணற்றில் போட்ட கல்லுக்குக்கூட
தொளக் என்று ஒரு சத்தம் உண்டு.

ஒன்று மட்டும் கூப்பிட்டது.
உபி, ஏழாம் தளம், அலகு 07-31,
புதன் காலை பத்தரை.
அடையாள அட்டை நகல், வங்கிப் புத்தக நகல்,
பயிற்சிக் கட்டணம் எண்பது வெள்ளி, ரொக்கமாக.
எண்பது வெள்ளி என்றதுமே தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்தது.
நீலச் சட்டையா சாம்பல் சட்டையா என்ற யோசனையில்
தெரிந்ததைத் தள்ளிவைத்தேன்.

07-28.
07-29.
07-30.
அப்புறம் சுவர்.
சுவரோரம் தீயணைப்புக் குழாய்,
அதன் பக்கத்தில் பாலிஷ் போட்ட காலணியோடு ஹைருடின்,
சான்றிதழ்களை நெஞ்சோடு பிடித்தபடி சியூ லான்.
மூவரும் சுவரைப் பார்த்தோம்.
அது எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

கீழே காவலாளி சொன்னார்,
இந்த மாதம் உங்களோடு பதினாறு பேர்,
எதற்கும் வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.
வந்த நோக்கம் என்ற இடத்தில்
ஹைருடின் வேலை என்று எழுதினார்.
சியூ லான் அதன் கீழ் 'மேற்படி' என்பதாய்
இரண்டு சின்னக் கோடு போட்டாள்.
நானும்.

கோப்பிக்கடையில் சொன்னேன்,
காலியிடம் என்றுதானே போட்டிருந்தார்கள்,
பொய் சொல்லவில்லையே.
மலாயிலும் அதற்குக் கொசோங்தான் என்றார் ஹைருடின்,
கையில் இருந்த கோப்பியும் கொசோங்.
சியூ லான் சிரித்த பிறகு
எண்பது வெள்ளியை எடுத்து
ஒருமுறை எண்ணி
உள்ளே வைத்தாள்.

பத்தொன்பது வருஷம்
கப்பல் சரக்குக்கு ஆவணம் எழுதியவள் நான்.
அனுப்புநர், பெறுநர், எடை, முத்திரை எண்.
காலிப்பெட்டியும் கப்பலேறும்,
அதற்கும் இடம் உண்டு, கட்டணம் உண்டு.
ஆனால் காலி என்று எழுத வேண்டும்.
சுரபாயா பெட்டி ஒன்றுக்கு அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன் என்று
மேலாளர் கால் மணி நேரம் நிற்கவைத்தார்.

இன்றிரவு ஈசூனில்,
மகனின் பழைய மடிக்கணினியில்,
அதே மேலாளரின் கம்பெனி.
என் பதவி, என் மேசை, என் வேலைகள் வரிசை மாறாமல்.
அக்டோபரில் ஆட்குறைப்பு என்று அனுப்பினார்கள்.
நவம்பரிலிருந்து ஆள் தேவை.
விண்ணப்பித்தோர் எண்ணூற்று நாற்பது.
இன்னும் அங்கிருக்கும் பத்மாசினியைக் கேட்டேன்.
உன் இடத்தில் தண்ணீர்ப் புட்டி அடுக்கியிருக்கிறதடி,
யாரையும் எடுக்கப்போவதில்லை,
கம்பெனி வளருகிற மாதிரி தெரியணுமாம்.

விளம்பரத்தின் மூலையில் சின்னக் கொடி.
தொட்டால் கேட்கிறது:
இதில் என்ன குறை?
மோசடி. பாகுபாடு. மற்றவை.
மற்றவை.
பழைய பழக்கத்தில், பெரிய எழுத்தில், அடித்தேன்:
காலிப்பெட்டி. காலி என்று எழுதவில்லை.

நொடியில் பதில்,
இத்தனை மாதத்தில் இவ்வளவு வேகம் கண்டதில்லை:
நன்றி, ரெங்கசாமி.